துணைவியாருக்கு ஒரு நாற்காலி

இரங்கல் கூட்டத்தை யார் ஏற்பாடு செய்வது என்று எங்கள் பயிற்சி நிலைய இயக்குநர் என்னிடம்தான் கேட்டார். கேட்டு முடித்த பிறகே யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க பண்ண வேண்டாம்மா. வந்து உக்காந்தா போதும். நூலகர்கிட்ட சொல்லிடறேன்."

"சரி சார்."

"நெஜமாதான் சொல்றேன். நீங்க எதுலயும் கை வைக்கக் கூடாது."

"சரி சார்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்தேன்.

பதினான்கு வருடமாக நான் அந்தப் பயிற்சி நிலையத்தின் நிர்வாக அலுவலர். தொடக்க விழா, சான்றிதழ் வழங்கும் விழா, பணி ஓய்வுப் பாராட்டு என்று அரங்கில் எது நடந்தாலும் அது என் மேசையிலிருந்துதான் கிளம்பும். என் கணவர் அதே நிலையத்தில் நில அளவை சொல்லிக்கொடுத்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டேப்பு சார்'. ஐந்து வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அரங்கில் ஒரு நிகழ்ச்சி இருந்ததால் அன்று நான் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தேன்.

வேலை இரண்டு நாள் நூலகரிடம் இருந்தது. இரண்டு நாளும் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "கேக்கறதுக்கே நாக்கு கூசுது மேடம்" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார். நாற்காலி உறைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, படம் வைக்கும் ஸ்டாண்டு யாரிடம் இருக்கிறது, அழைப்பில் 'காலமானார்' என்று போடுவதா 'மறைந்தார்' என்று போடுவதா. நாங்கள் எப்போதும் 'மறைந்தார்' என்றுதான் போடுவோம் என்று சொன்னேன். என் குரல் எப்போதும்போலவே இருந்தது.

மூன்றாம் நாள் அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையருகே நின்றார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பல் பிடுங்கிய பிறகு கன்னத்தில் ஒரு மரத்த இடம் இருக்குமே, தொட்டால் நம்முடையது இல்லாத மாதிரி. ஐந்து வாரமாக என் உடம்பு முழுவதும் அப்படித்தான் இருந்தது. வேலை செய்யும்போது மட்டும் விரல்கள் இருப்பது தெரிந்தது.

என் கணினியில் 'இரங்கல் கூட்டம் – மாதிரி' என்று ஒரு கோப்பு உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு நானே எழுதியது. அதுவரை நான்கு பேருக்குப் பயன்பட்டிருந்தது. மேடையில் இருப்பவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நிகழ்ச்சி நிரல். பின்னால் நின்று வேலை பார்க்கும் எங்களுக்கு வேறொரு தாள். அதை நாங்கள் 'நிமிஷப் பட்டியல்' என்போம். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு வேலை, ஒரு பொறுப்பாளர். 9.40, கார் புறப்படுதல், டிரைவர். 9.55, துணைவியாரையும் பிள்ளைகளையும் வீட்டில் ஏற்றுதல், டிரைவர். 10.15, துணைவியாரை வாயிலில் வரவேற்று முன்வரிசையில் அமர்த்துதல், நிர்வாக அலுவலர்.

மாதிரியில் 'துணைவர் / துணைவியார்' என்று இருக்கும். வேண்டாததை அடிக்க வேண்டும். 'துணைவர்' என்பதை அடித்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரையும், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் என் முகவரியையும் தட்டினேன். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

பேச்சாளர்களுக்கு நேரம் காட்டும் அட்டைகளை எடுத்து வைத்தபோது மட்டும் கை ஒரு கணம் நின்றது. '5', '2', 'முடிக்கவும்' என்று மூன்று அட்டைகள். பின்வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். இயக்குநர்கூட 'முடிக்கவும்' கண்டால் முடித்துவிடுவார். என் கணவர் முடிக்க மாட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுலதான் பேச விட மாட்டேங்கறாங்கன்னா இங்கயும் அட்டை தூக்கறாங்க" என்பார். அரங்கம் சிரிக்கும். நான் சிரிக்காமல் அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்துவேன்.

வீட்டில் ஒரு வாரமாக நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். அவருக்கு ஒரே தங்கை. என் மகளைத் தன்னோடு ஊருக்கு அழைத்துப்போய் அங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மகளுக்குப் பதினாறு வயது. அப்பா போனதிலிருந்து அவள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

"அண்ணி, நான் பிடுங்கிட்டுப் போறேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் நாத்தனார். "இங்க அவ யார்கூடப் பேசறா, சொல்லுங்க. என் வீட்ல ரெண்டு வாயாடி இருக்கு. அதுங்க நடுவுல இருந்தா சண்டை போடவாவது வாயத் திறப்பா."

"அவகிட்டயே கேளு."

"கேட்டேன். அம்மாகிட்ட கேளுங்கறா. உங்ககிட்ட வந்தா அவகிட்ட கேளுங்கறீங்க. ரெண்டு பேரும் என்னைப் பந்தாடறீங்களா?"

மகள் அறைக்கதவில் சாய்ந்து நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"புதன்கிழமை கூட்டத்துல நீ வேலை பாக்கப் போறியாம்மா?"

"இல்ல. நூலகர் பாக்கறார்."

"பொய் சொல்லாத. நேத்து நீ மேடைக்கு அட்டைல பேரு எழுதி வெட்டிட்டிருந்த."

அட்டைகள் இருந்த பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

"அப்பாவ வெளிய எடுக்கறப்ப நீ எங்க இருந்த தெரியுமா?"

"வாசல்லதான்."

"வாசல்லதான். ஃபோன்ல. வாடகை நாற்காலி நூத்தி இருபதுல நாலு குறையுதுன்னு பேசிட்டிருந்த."

மறுக்கவில்லை. அந்த நான்கு நாற்காலிகளும் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தன. மூன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவரை வெளியே எடுத்தது நினைவில் இல்லை.

"கூட்டம் ஆரம்பிச்சதுலேருந்து முடியற வரைக்கும் நீ என் பக்கத்துல இருக்கணும்" என்றாள். "அட்மின் மேடமா இல்ல, அம்மாவா. அது ஒண்ணுதான் கேக்கறேன். அத்தைகூடப் போறேனா இல்லையான்னு அதுக்கப்புறம் சொல்றேன்."

நாத்தனார் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"இருப்பேன். ப்ராமிஸ்."

"ப்ராமிஸ்லாம் வேணாம். இரு."

அன்று படுத்துக்கொண்டு அவளுடைய செருப்பு இல்லாத வாசலை நினைத்துப் பார்த்தேன். அவள் அறையின் விளக்கு எரியாமலிருப்பதை, ஒரே ஒரு தட்டு கழுவி வைப்பதை நினைத்துப் பார்த்தேன். எதுவும் சிரமமாக இல்லை. எல்லாம் வரிசையாக, தெளிவாக வந்தன. அப்படித் தெளிவாக வந்ததுதான் பயமாக இருந்தது. அவள் போகக் கூடாது. ஐந்து வாரத்தில் நான் வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு காரிலேயே திரும்பி வந்துவிடுவேன், மூவரும் சேர்ந்து போகலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அரங்கில் ஒலிபெருக்கி பார்க்கும் மைக்காரர் மட்டும் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் அவர் 'ஹலோ'. முன்வரிசை நாற்காலிகளில் பெயர்த்தாள் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னிக்குமா மேடம்?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சும்மா பாக்க வந்தவங்க கையில எதுக்கு டேப்பு?" என்றவர், வாயிலிருந்து விழுந்த சொல் எதுவென்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல" என்றேன். "ஒட்டறதுக்குத்தான்."

'சகோதரி', 'துணைவியார்', 'மகள்' என்று மூன்று தாள்கள். நடுவில் இருந்த தாள் சற்றுக் கோணலாக இருந்தது. பிய்த்து எடுத்து நேராக ஒட்டினேன்.

பிறகு வேலை என்னை எடுத்துக்கொண்டது. படத்துக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்தது, ஸ்டாண்டை இடப்பக்கம் நகர்த்தினோம். மேடையில் ஒரு நாற்காலி அதிகம், எடுக்கச் சொன்னேன். 9.40க்குக் கார் கேட்டைத் தாண்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டியலில் அந்த வரிக்கு நேராகச் சரி என்று குறியிட்டேன்.

9.58க்கு டிரைவர் அழைத்தார்.

"மேடம், வீட்டு வாசல்ல நிக்கறேன். ரெண்டு பேர்தான் ஏறியிருக்காங்க."

"பட்டியல்ல மூணு பேர்ண்ணே."

"ஆமா மேடம். மூணுன்னுதான் இருக்கு."

நான் மணியைப் பார்த்தேன்.

"துணைவியார் இன்னும் ரெடியாகலையா? எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்க. பத்து பதினஞ்சுக்கு இங்க வாசல்ல இருக்கணும்."

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம்" என்றார் மெதுவாக. "அது நீங்கதான மேடம்."

வண்டியில் இருக்கும்போது ஃபோனைக் கையில் வைத்துப் பேசக் கூடாது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியவள் நான். அது எனக்கு நினைவுக்கு வருவதற்குள் பின்சீட்டிலிருந்து மகளின் குரல் வந்தது.

"வண்டிய எடுங்க அங்கிள். துணைவியார் நேரா அங்க வந்துடுவாங்க."

10.15க்கு நான் வாயிலில் நின்றிருந்தேன். அங்கேதான் நிற்க வேண்டும் என்று பட்டியலில் இருந்ததால் நின்றேனா, மகளைப் பார்ப்பதற்காக நின்றேனா, தெரியவில்லை. அவள் இறங்கி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வரவேற்பெல்லாம் பலமா இருக்கு."

"சும்மா இருடி" என்றாள் நாத்தனார்.

"வா" என்றேன். "உக்காரலாம்."

பட்டியலை மைக்காரரிடம் கொடுத்தேன். "இனிமே எல்லாம் நீங்கதான்" என்று சொன்னேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் போய் என் பெயர் இல்லாத என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலப்பக்கம் மகள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

பதினான்கு வருடத்தில் முன்வரிசையிலிருந்து அந்த மேடையை நான் பார்த்ததில்லை. திரைச்சீலையின் அடியில் தையல் விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் மைக்கின் முன்னால் வந்து, மறைந்தவருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றார். எல்லோரும் எழுந்தோம்.

ஒரு நிமிடம் என்று சொல்கிறோமே தவிர, தலைகுனிந்து நிற்கும் மனிதர்களுக்கு அது முப்பது நொடிதான். நாங்கள் நடத்திய முதல் இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் இருபத்தைந்தாவது நொடியில் 'அமரலாம்' என்றுவிட்டார். இறந்தவரின் வயதான அப்பா அப்போதுதான் எழுந்து நின்றிருந்தார். அதற்குப் பிறகு எனக்கும் இயக்குநருக்கும் ஓர் ஏற்பாடு. நான் பின்கதவருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அறுபதாவது நொடியில் வலக்கையை உயர்த்துவேன். அதைப் பார்த்த பிறகே அவர் வாயைத் திறப்பார். இதை நான் பட்டியலில் எழுதியதே இல்லை. எழுதத் தேவை வந்ததில்லை.

அறுபது ஆனது. எனக்குக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே அதுவாகவே எண்ணிக்கொண்டிருந்தது. எழுபது. இயக்குநர் கண்ணைத் திறந்து பின்கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இன்னும் நேரமாகவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். எண்பது. தொண்ணூறு. பின்னால் யாரோ செருமினார்கள். ஒரு நாற்காலியின் கால் தரையில் உரசியது. பிறகு அதுவும் அடங்கியது.

நூறைத் தாண்டிய பிறகு அந்த மௌனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மரியாதைக்காக நின்றவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இடத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதுபோல் இருந்தது. பக்கவாட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மின்விசிறியின் காற்றில் படத்தின் மேல் வைத்திருந்த பூ லேசாக ஆடியது. அப்போதுதான் என் வலக்கையை ஏதோ தொட்டது. மகளின் விரல்கள். சில்லென்று இருந்தன. முதலில் என் சுண்டுவிரலை மட்டும் பிடித்தாள். பிறகு முழுக் கையையும். அவளுடைய தோள் குலுங்குவது என் கை வழியாக எனக்குத் தெரிந்தது. ஐந்து வாரமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை. அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் என் உடம்பு எனக்குத் திரும்பி வந்தது.

நூற்று ஐம்பது.

இயக்குநர் தலையை நிமிர்த்தினார். பின்கதவைப் பார்த்தார், பக்கக்கதவைப் பார்த்தார், மைக்காரரைப் பார்த்தார். மைக்காரர் தலையைச் சொறிந்தார். இயக்குநரின் கண் வரிசை வரிசையாக இறங்கி முன்வரிசைக்கு வந்து என் முகத்தில் நின்றது. புருவத்தைத் தூக்கினார். ஆச்சா என்று கேட்கும் புருவம். பதினான்கு வருடமாக எனக்குப் பழகிய புருவம்.

நான் முடிவெடுத்துச் செய்யவில்லை என்று சொன்னால் யாரும் நம்பத் தேவையில்லை. மகளின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு உயர்த்தினேன்.

"நன்றி. அமரலாம்" என்றார் இயக்குநர்.

நூற்று எண்பது நாற்காலிகள் ஒன்றாகச் சத்தமிட்டன. நானும் உட்கார்ந்தேன். மகள் தன் இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பதைப் போல, நேராக, கூட்டம் முடியும் வரை அப்படியே இருந்தாள். நானும் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. கேட்டதைச் செய்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்கு அது வீணாக இருந்தது.

முடிந்ததும் இயக்குநர் வந்து நின்றார்.

"நல்லா நடந்துச்சும்மா. அந்த மௌனம் இருக்கே, நீங்க வேணும்னே நீளமா விட்டது ரொம்பச் சரி. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"சரி சார்" என்றேன்.

காரில் பின்சீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். நாத்தனார் நடுவில். பாதி தூரம் போனதும் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்ளோ நேரம் ஆச்சும்மா?"

எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. "ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்."

"அப்படியே விட்டிருக்கலாம்ல."

"எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க."

"நிக்கட்டுமே."

நாத்தனார் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். வண்டி ஒரு சிக்னலில் நின்று கிளம்பியது.

"ஞாயித்துக்கிழமை அத்தைகூடப் போறேன்" என்றாள் மகள். "உன்மேல கோவம்லாம் இல்லம்மா. நெஜமா இல்ல."

"சரி."

"சரியா?"

"சரின்னு இல்ல" என்றேன்.

வீட்டு வாசலில் இருவரும் இறங்கி உள்ளே போனார்கள். டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. கூட்டம் முடிந்தால் அரங்கைப் பூட்டும் வரை நான் அங்கேதான் இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

"திரும்பப் போகணுமா மேடம்?"

கதவைத் திறந்து இறங்கினேன்.

"இல்லண்ணே. நீங்க போங்க."

உள்ளே மகள் பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள். பெரிய பெட்டி பரணில் பின்னால் இருந்தது. ஏறி நின்று ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஆடுது."

"ஒரு கால் குட்டை. இரு, அட்டை மடிச்சு அடில வைக்கறேன்" என்று திரும்பினேன்.

"அட்டைலாம் வேணாம். நீ பிடிச்சுக்கோ."

தரையில் முட்டி போட்டு இரண்டு கையாலும் ஸ்டூலின் கால்களைப் பிடித்தேன்.

"பிடிச்சிருக்கியா?"

"ம்."

அவள் நுனிக்காலில் எம்பினாள். அவளுடைய எடை மரத்தின் வழியாக இறங்கி என் உள்ளங்கைகளுக்கு வந்தது. நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தாள். கூடத்தில் என் ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"எடுக்கலையா?" என்றாள் மேலிருந்து.

"கை ரெண்டும் இங்க இருக்கு."

அவள் பெட்டியை என் தலைக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்.